மூன்று பேர் ஆட்டத்தில் மிஸ் ரஞ்சிதம்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ் சயானில் வந்து நின்றது. நான் மாடுங்காவில் ஏறுகிறவன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் டிபன் பாக்ஸை வைத்து இடம் பிடித்திருந்தேன். சயானில் மிஸ் ரஞ்சிதம் ஏறுவார். டிபன் பாக்ஸைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்காருவார். ஏழு வருஷமாக அப்படித்தான். அன்று நிறுத்தத்தில் எங்கள் ஆபீஸ் இப்ராஹிம் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றார். பஸ்ஸில் ஏறாமல் என் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"சார், நம்ம தங்கச்சி ரஞ்சிதம் மவுத்தாயிட்டு. காலைல அஞ்சு மணிக்கு. ஆசுபத்திரியிலயே."

பஸ் கிளம்பிவிட்டது. நான் இறங்கவில்லை. டிபன் பாக்ஸை நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்து யாரோ உட்கார வந்தார். "ஆள் வருது" என்று சொன்னேன். செம்பூர் தாண்டும்போதுதான் எழுந்து, "ரோக்கோ, ரோக்கோ" என்று கத்தி, ஓட்டுநரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் பஸ் கிடைக்கவில்லை. சயான் வரை நடந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவுச் செய்தியைக் கேட்ட பிறகும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மனிதன் நான். மிஸ் ரஞ்சிதத்தைப் பற்றி எழுதச் சொல்லி நம் சங்க மலர்க்காரர்கள் கேட்டார்கள். "நீங்கள்தானே அவருக்கு நெருங்கிய சகா?" என்றார்கள். அந்த வார்த்தை இரண்டு நாளாக என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. நாலு வரி எழுதுகிறேன், பால்கனிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மூன்று வரியை அடிக்கிறேன்.

சரி, வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மிஸ் ரஞ்சிதம் செல்லையாவுக்கு முப்பத்துநான்கு வயது. பூர்வீகம் நாசரேத் பக்கம். தகப்பனார் பம்பாய்க்கு வந்து மில்லில் வேலை பார்த்துக் காலமானவர். தாயாரும் இவருமாகத் தாராவியில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டில் இருந்தார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கியவர். நாங்கள் வேலை பார்த்தது டிராம்பே போகும் வழியில் ஓர் ஆபீஸ். அதன் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. சொல்லாவிட்டாலும் செம்பூரில் காய்கறி விற்கிறவர்கள் உட்பட எல்லோருக்கும் தெரியும். விஞ்ஞானிகள் அனுப்பும் எண்களை எடுத்துக் கூட்டிப் பெருக்கி வகுத்துத் திருப்பி அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. கைப்பிடி சுற்றும் கணக்கு யந்திரங்கள் இருபது இருந்தன. காலை முதல் மாலை வரை அந்த அறையில் மாவு மில் மாதிரிச் சத்தம்.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. ஒரு கணக்கை ஒருவர் போட்டால் போதாது. இன்னொருவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல், தனியாக, முதலிலிருந்து போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தாளின் அடியில் 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் ஒருவரும் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் மற்றவரும் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு ஜோடி மிஸ் ரஞ்சிதம். அவர் சேர்ந்த முதல் வாரம் அவருடைய விடையும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை. நான் எம்.ஏ. முதல் வகுப்பு. ஆகவே தப்பு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் ரெண்டு தரம் போட்டுட்டேன் சார்" என்றார் அவர். "இப்ப நீங்க ஒரு தரம் போட்டுப் பாருங்க. நான் வெளிய போய் நிக்கேன். நான் நின்னா உங்களுக்குக் கோவம் வரும்."

வெளியே போய் நின்றார். தப்பு என்னுடையது. உள்ளே வந்தவர் சிரிக்கவில்லை, அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சீட்டாட்டம் எங்கள் பிரிவுக்கு வந்தது மேனனால். அவர் பயிற்சிக்காகக் கனடா போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தார். அங்கே கற்ற போக்கரை மதிய இடைவேளையில் கான்டீன் மூலை மேசையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டு கவிழ்த்து, மற்ற நான்கும் ஒவ்வொன்றாகத் திறந்து. ஒவ்வொரு சீட்டு விழுந்ததும் பந்தயத்தை ஏற்றலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். காசு வைத்து ஆடினால் ஆபீஸில் சீட்டுக் கிழிந்துவிடும் என்பதால் புளியங்கொட்டை. எங்கள் மேசைக்கென்று இன்னொரு வழக்கம்: சீட்டுப் போடுகிறவர் மட்டும் ஆட்டம் தொடங்குமுன் நடுவில் நான்கு கொட்டை வைக்க வேண்டும். போடும் முறை சுற்றி வரும்.

முதலில் நாங்கள் ஒன்பது பேர். மிஸ் ரஞ்சிதம் ஒருவர்தான் பெண். "சபையில தெரிஞ்சா என்னைய நடுவுல உக்கார வச்சு செபம் பண்ணிருவாக" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இப்ராஹிம். காயல்பட்டினத்துக்காரர், எங்கள் கண்ணாடிப் பட்டறையில் குழாய் ஊதுகிறவர்; தாராவியில் மிஸ் ரஞ்சிதத்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு.

ஒன்பது பேர் மேசையில் நான் ராஜா. கூச்சமில்லாமல் சொல்கிறேன். என் முறை மிக எளிது: காத்திருப்பது. முதல் இரண்டு சீட்டில் ஜோடியோ ஆசோ இல்லையென்றால் போட்டுவிட்டு மோர் குடிப்பேன். ஒன்பது பேர் இருந்தால் யாராவது ஒருவரிடம் நல்ல சீட்டு இருந்தே தீரும். அரைகுறைச் சீட்டை வைத்துக்கொண்டு துள்ளுகிறவர்கள் அவரிடம் மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டமாட்டேன். நான்கு கொட்டை வைக்கும் முறையும் எனக்கு அந்த அரை மணியில் ஒரு தடவை வந்தால் அதிகம். வாரத்துக்கு வாரம் என் டப்பாவில் கொட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். "வைத்தி சார் ஆடல, வட்டி வாங்குதாரு" என்பார் மிஸ் ரஞ்சிதம். அவர் டப்பா ஒரு வாரம் நிறையும், ஒரு வாரம் காலியாகும். நான் அதை அவருடைய சுபாவக் கோளாறு என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்துக்குள் மேசை கலைந்தது. மேனனுக்கு மாற்றல் வந்தது. இரண்டு பேர் பயிற்சிக்கு வெளிநாடு போனார்கள். மூன்று பேருக்குப் புதிதாகக் கட்டிய ஆபீஸ் குடியிருப்பில் வீடு கிடைத்தது. மதியம் வீட்டுக்கே சாப்பிடப் போய்விட்டார்கள். ஒன்பது ஆறாகி, ஆறு மூன்றானது. மிஸ் ரஞ்சிதம், இப்ராஹிம், நான்.

நான் தோற்க ஆரம்பித்தேன்.

சாதாரணத் தோல்வி இல்லை. வருஷக்கணக்கில் சேர்த்த டப்பா ஒரு மாதத்தில் காலி. என் மனைவியிடம் சொல்லி, சமையலுக்குப் புளி வாங்கும்போது கொட்டை எடுக்காத புளியாக வாங்கச் சொன்னேன். இரண்டு வாரம் கொஞ்சம் ஏறும், அடுத்த வாரம் தலைகுப்புறக் கவிழும். நான் ஆட்டத்தை மாற்றவில்லை. அதே பொறுமை, அதே மோர். பதினோரு வாரம் இப்படிப் போயிற்று. நானோ எண்களோடு வாழ்கிறவன். பதினோரு வாரம் தொடர்ந்து ஒரு பக்கமே சாய்ந்தால் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று பட்டது. இதைத்தான் நினைத்து நினைத்து இப்போது பல்லைக் கடிக்கிறேன். பகல் முழுக்க அளவுகளின் பிழையைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்குகிறவன், மதியம் அரை மணி நேரம் அதே கணக்கை மறந்துவிட்டு ஆளைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. பொறுமை போய், நான் முதல்முறையாகப் பொய்யாகப் பந்தயம் ஏற்றினேன். என் திறந்த சீட்டுகளில் ஒரு ஜாக்கி மட்டும் பார்க்கும்படியாக இருந்தது. கவிழ்ந்திருந்தது உதவாத சீட்டு. டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். இப்ராஹிம் ஒதுங்கினார். மிஸ் ரஞ்சிதம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் தள்ளினார். அவரிடம் இருந்தது வெறும் ராணி. ஜோடி கூட இல்லை. வெறும் ராணியை வைத்து என்னை ஜெயித்தார்.

என் கவிழ்ந்த சீட்டின் முதுகில், மூலையில், பழுப்பாக ஒரு கறை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கட்டு அவருடையது, அவர் சாப்பாட்டுப் பையில்தான் இருக்கும்.

"என்ன பண்றேள் நீங்க?" என்று எழுந்து கத்தினேன். கான்டீன் திரும்பியது. "கறை வெச்சு அடையாளம் பண்ணிண்டு ஆடறேளா? மீன் குழம்புக் கறை! இந்தச் சீட்டு என்னன்னு உங்களுக்கு முதுகைப் பார்த்தே தெரியும்!"

எல்லோருக்கும் காட்டுவதற்காகச் சீட்டைத் திருப்பி மேசையில் அறைந்தேன். கிளாவர் நாலு.

இப்ராஹிம் நிதானமாகக் கேட்டார்: "குறி வைக்கிறவ ஆசுக்கு வைப்பா, ராஜாவுக்கு வைப்பா. நாலுக்கா சார் வைப்பா?"

மிஸ் ரஞ்சிதம் அந்தச் சீட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இது வத்தக்கொழம்புல்லா சார்" என்றார். "எங்க வீட்டுக் கொழம்பு இல்ல. நீங்க சாப்பிட்டுட்டு கை தொடைக்காம சீட்டு போடுவிய."

கான்டீனே சிரித்தது. நான் அன்றே மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். எனக்கோ அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. எழுந்து போய்விட்டேன்.

சிரித்தவர்கள் கதையை வெளியே எடுத்துப் போனார்கள். முதல் மாடிக்குப் போகும்போது வத்தக்குழம்பு இருந்தது. இரண்டாவது மாடிக்குப் போகும்போது அது உதிர்ந்துவிட்டது. 'கணக்குப் பிரிவில் ஒரு பெண் சீட்டில் ஏமாற்றினாள், வைத்தியநாதன் கையும் களவுமாகப் பிடித்தான்' என்பதுதான் பிரிவுத் தலைவர் காதுக்குப் போனது.

அது மிக மோசமான நேரம். மிஸ் ரஞ்சிதம் அதுவரை தற்காலிக ஊழியர். அந்த மாதம்தான் நிரந்தரம் செய்யும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. நிரந்தரமானால் குடியிருப்பில் வீடு கேட்கலாம். புதிதாக நிரந்தரமாகிறவர்களுக்கான முதல் வீட்டுப் பட்டியலிலேயே அவருக்கு இடம் இருந்தது. தாயாருக்கு இழுப்பு, மழை வந்தால் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வரும், கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். "அங்க மூணாவது மாடி சார், தண்ணி எவ்வளவு வந்தாலும் கீழ் வீட்டுக்காரங்களைத் தாண்டித்தான் எங்க வீட்டுக்கு வரணும்" என்று பஸ்ஸில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

பிரிவுத் தலைவர் மராட்டியர், நேர்மையானவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வைத்யா, கார்டு கேம்ல ஏதோ கட்பட், கோல்மால் என்கிறார்களே. சச் ஹை க்யா?" என்றார். நிஜமா என்று. இல்லை சார், கறை என்னுடையது, கோபத்தில் கத்திவிட்டேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "எனக்குத் தெரியாது சார்." பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கையைக் கழுவிக்கொண்ட பதில்.

சரிபார்ப்பவரின் கையெழுத்தில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவருடைய நிரந்தரத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் டிபன் பாக்ஸை என் மடியில் வைத்துவிட்டு வழக்கம்போல உட்கார்ந்தார். குர்லா தாண்டியது. பிறகு, "நீங்க ஆமான்னும் சொல்லலியாம், இல்லன்னும் சொல்லலியாம்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நீளநோட்டைக் கொண்டுவந்தார். வீட்டில் டிரங்குப் பெட்டியின் மேல் சீட்டுப் போட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். இப்ராஹிம் வாங்கிக்கொடுத்த புதுக் கட்டு, கறையில்லாதது. ஒன்பது பேருக்குப் போட்டு முந்நூறு ஆட்டம், மூன்று பேருக்குப் போட்டு முந்நூறு ஆட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் மட்டும் என் முறைப்படி ஆடுவான்: ஜோடியோ ஆசோ இல்லாவிட்டால் ஒதுங்குவான். அந்த ஆளுக்கு 'வை' என்று பெயர்.

"ஒம்பது பேருல 'வை' நல்லாத்தான் இருக்காரு" என்றார். "தன் முறை எப்பவோ ஒருக்காதான் வருது. சும்மா இருந்தா நஷ்டம் இல்ல. மூணு பேருல மூணாவது ஆட்டத்துக்கு ஒருக்கா நாலு கொட்டை வைக்கணும். ஆட்டமும் வெரசலா ஓடுது. நல்ல சீட்டு வரட்டும்னு உக்காந்திருந்தா உக்காந்த எடத்துலயே கரைஞ்சிருவாரு. மூணு பேருல வெறும் ராணியே நல்ல சீட்டுதான் சார். அன்னைக்கு நான் உங்க சீட்டப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

"நீங்க மட்டும் எப்படி ஜெயிக்கறேள்?"

"நான் எங்க ஜெயிச்சேன்? அதுக்கு முந்தின வாரம் இப்ராஹிம் அண்ணன்ட்ட அம்புட்டையும் விட்டேன். நீங்க பாக்கல. மூணு பேருல சரியா ஆடுனாலும் ஏத்த எறக்கம் பெருசாத்தான் இருக்கும். சுமாரான சீட்டோட அடிக்கடி மோதித்தான் ஆகணும். பதினோரு வாரம்ங்கது உங்களுக்குப் பெரிய எண்ணா தெரியுது. அது சின்ன எண்ணு சார். அத வச்சு ஒரு ஆளத் திருடின்னு சொல்லக் கூடாது."

பிறகு நோட்டை மூடினார். "நம்ம ரூம் வழக்கப்படி செய்வோம். இத நீங்க பாக்காதிய. நீங்க தனியா போடுங்க. ஒத்துவந்தா இதுல கையெழுத்துப் போடுங்க, நான் பெரியவர்ட்ட கொண்டுபோய்க் காட்டுதேன். ஒத்துவரலன்னா போட வேண்டாம்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

ஆனால் போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாடுங்கா வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து போட்டேன். மனைவி காபியோடு வந்து நின்று பார்த்தாள். "ஒத்தையா உட்கார்ந்துண்டு ஒன்பது பேருக்குச் சீட்டுப் போடறேளே, உடம்புக்கு ஏதாவது பண்றதா?" என்றாள். மீதியை ஆபீஸ் கோடுபோட்ட தாளில் மதிய வேளையில் போட்டேன். எங்கள் எண்கள் ஒன்றாக இருக்க வழியில்லை, சீட்டு வேறு. ஆனால் ஏற்ற இறக்கத்தின் உயரம் அவர் சொன்னபடியே இருந்தது. ஒன்பது பேருக்கு வரைந்த கோடு மெல்ல ஏறியது. மூன்று பேருக்கு வரைந்தது மேலும் கீழும் பாய்ந்து, கடைசியில் சரிந்தது. பதினோரு வாரம் போலத் தொடர்ந்து சரிகிற இடங்கள் அதில் ஒன்றல்ல, நாலைந்து இருந்தன. யாரும் ஏமாற்றாமலே.

ஏழு தாள்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றைக் கசக்கி ஆபீஸ் குப்பைப் பையில் போட்டேன்.

அவர் கேட்டபோது, "நேரமே கிடைக்கலை, போடலை" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அந்த வியாழக்கிழமை பார்த்த மாதிரியே. "சரி சார்" என்றார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது எழுதப் பார்த்து மூன்று தடவை அடித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால், 'தெரியாது' என்று தலைவரிடம் சொன்னது என்ன என்ற கேள்வி வரும். எம்.ஏ. முதல் வகுப்புக்குப் போக்கர் தெரியவில்லை என்று கான்டீன் இன்னொரு முறை சிரிக்கும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அவர் நிரந்தரமானார். அதற்குள் குடியிருப்புப் பட்டியலில் அவர் பெயர் அடிக்குப் போயிருந்தது. அவர் சீட்டாட்டத்தை விடவில்லை, என் பக்கத்தில் உட்காருவதையும் விடவில்லை. நாங்கள் மூவரும் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். நானும் மெல்ல மெல்ல மூன்று பேர் ஆட்டம் கற்றேன். ராணியை வைத்துத் துணிந்தேன். ஒரு நாள் அப்படித் துணிந்து மொத்தமாகத் தோற்றபோது, "இப்பதான் சார் நீங்க ஆட வந்திருக்கிய" என்று கைதட்டினார். இப்ராஹிம் ஊருக்குப் போகும் மாதங்களில் நாங்கள் இருவர் மட்டும் ஆடுவோம். "ரெண்டு பேரு ஆட்டத்துல ஒதுங்கவே முடியாது சார், ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் சொல்லியாகணும்" என்பார்.

இந்த மழையில் தாராவியில் தண்ணீர் நாலு நாள் வடியவில்லை. அவருக்கு மஞ்சள் காமாலை. முதல் வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே ஆபீஸுக்கு வந்தார். இரண்டாவது வாரம் சயான் ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாகி, முகம் சிறுத்துப் போயிருந்தது. என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"உக்காருங்க சார், தல சுத்துது" என்றார்.

"அந்த முதல் லிஸ்ட்லேயே உங்களுக்கு வீடு கெடச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு ஆட்டத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் உடனே. "அங்க போயிருந்தா அங்க எந்த லாரியில அடிபட்டிருப்பேனோ, யாரு கண்டா."

"இல்ல, மிஸ் ரஞ்சிதம். நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கணக்கை நான்..."

நர்ஸ் ஊசியோடு வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். "நாளைக்கி வந்து சொல்லுங்க சார், எங்கயும் போகமாட்டேன்" என்றார் மிஸ் ரஞ்சிதம். ஞாயிற்றுக்கிழமை பெரிய மழை, ரயில் ஓடவில்லை. மாடுங்காவிலிருந்து சயான் ஆசுபத்திரிக்கு நடந்தே போகலாம். நான் போகவில்லை.

திங்கள் பிற்பகல் சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். தாயார் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "உங்களப் பத்தித்தான் தெனமும் பேசுவா" என்றார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வரும்போது இப்ராஹிம் ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார், ரப்பர் துணியில் சுற்றியது. "ஞாயித்துக்கெழம சாயங்காலமே தங்கச்சி எங்கிட்ட குடுத்திட்டு. உங்ககிட்ட சேக்கணும்னுச்சு."

அதே நீளநோட்டு. அவருடைய பக்கங்களில் இருந்தது அவர் அன்று சொன்ன கணக்குதான். ஒவ்வொன்றின் அடியிலும் 'கணக்கிட்டவர்: ர. செல்லையா'. 'சரிபார்த்தவர்' என்ற இடம் எல்லாவற்றிலும் காலி.

பின்பக்கம் திருப்பினேன். என் ஏழு தாள்கள் அங்கே இருந்தன.

என் கையெழுத்து, என் கோடுகள். கசங்கலை இஸ்திரி போட்டு நீவி, பசை வைத்து ஒட்டியிருந்தார். இரண்டு தாள்களின் ஓரம் கருகியிருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. எங்கள் ஆபீஸில் குப்பைத் தாளை வெளியே போடக் கூடாது. சனிக்கிழமைதோறும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பீப்பாயில் போட்டு எரிப்பார்கள். எரிந்து முடியும் வரை இரண்டு ஊழியர்கள் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் முறை அவருடையது. நான் அதைப் பார்க்காமலே பையில் போட்டிருக்கிறேன்.

நெருப்பிலிருந்து எடுத்திருக்கிறார். 'நேரமில்லை, போடலை' என்று நான் சொன்னது திங்கட்கிழமை. அப்போதே அவரிடம் இது இருந்தது. தான் குற்றமற்றவர் என்பதற்கு என் கையாலேயே எழுதிய சாட்சி. அதைத் தலைவர் மேசையில் வைத்திருந்தால் அன்றைக்கே பெயர் துலங்கியிருக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எரிக்க வேண்டிய தாளை எடுத்ததற்கு அன்றைக்கே வேலையும் போயிருக்கும். ஆகவே ஒட்டி வைத்துக்கொண்டு, மூன்று வருஷம் ஒவ்வொரு நாளும் என் டிபன் பாக்ஸைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரா? இந்த விஷயத்தில் மட்டும் அவர் என் மாதிரி ஆடியிருக்கிறார்.

நாலாவது தாளில் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில், 'இங்கே 2 விட்டுப்போச்சு.' கூட்டிப் பார்த்தேன். ஆமாம், இரண்டு விட்டுப்போயிருந்தது. ஏழு தாளின் அடியிலும் அவர் கையெழுத்து: 'சரிபார்த்தவர்: ர. செல்லையா.' என் பொய்யைக்கூட விதிப்படி சரிபார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அச்சில் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிரிவுத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கறை என்னுடையது என்பதிலிருந்து ஆரம்பித்து, நேற்று அவர் மேசையில் வைத்தேன். படித்து முடித்துத் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "அப் க்யா ஃபாயிதா, வைத்யா?" என்றார். இனி என்ன பிரயோஜனம் என்று. பிரயோஜனம் இல்லைதான். கோப்பில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். வைத்துக்கொண்டார்.

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இடத்தில் டிபன் பாக்ஸை வைத்தேன். சயானில் இப்ராஹிம் ஏறினார். அந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் எடுக்கவில்லை. டிராம்பே வரை அது அங்கேயே இருந்தது. நான் நோட்டை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து, பஸ் குலுங்கக் குலுங்க, ஒரு பக்கம் விடாமல் அந்தக் காலி இடங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன்.

தனியாகப் போட்டேன், மிஸ் ரஞ்சிதம். ஒத்துப்போகிறது. போய் வாருங்கள்.